நிரைக்கு ஒரு வசனம்

— ஓடு விஜி, தலவாக்கலை பஸ் மேல் வளைவுல இறங்குது. கொப்பியை இங்க குடு, பாத்துக்கிட்டே வந்து ரோட்டோரக் கான் தண்ணில விழுந்துடாத.

— இருங்கக்கா, இந்த இலக்கண அட்டவணை இன்னும் மனசுல நிக்கல. ரெண்டு மணிக்குக் கொரியன் பரீட்சை.

— மூணாவது வாட்டியும் அட்டவணைதானா? கேள்வித்தாளப் பாத்ததும் அம்பது வரியும் பறந்துரும்.

— ஸேர் அப்படித்தானே படிக்கச் சொன்னாரு.

— ஸேரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்ததில்ல. நான் நிரைக்கு ஒரு வசனம்னு வச்சுப் படிச்சேன். ‘கொழுந்து எடுக்குறேன்.’ அடுத்த செடிக்கு ஒரு சொல்லை மட்டும் மாத்துவேன். நேத்து எடுத்தேன். அடுத்த செடி, நாளைக்கு எடுப்பேன். நிரை முடியுறப்போ எல்லாம் வாயில ஒட்டிக்கும்.

— கங்காணி ஒண்ணும் சொல்லலையா?

— பேய் புடிச்சிருக்குன்னு என் நிரைப்பக்கமே வரல. சரி, ஓடிக்கிட்டே சொல்லு. ‘அக்கா போறா.’

— நூனா காயோ.

— ‘அக்கா போனா.’

— நூனா காஸொயோ.

— பாத்தியா, கொப்பி இல்லாமலே வருது. இப்ப, ‘அக்கா போகல.’

— நூனா...

— என்னடா நின்னுட்டே? இது லேசுதானே.

— அது வேணாங்க்கா. வேற ஏதாவது குடுங்க.

— வேற குடுக்க எங்க நேரம்? இந்த வாட்டி விட்டா உனக்கு வயசு தாண்டிரும். எனக்குத் தாண்டி ஒரு வருஷமாச்சு.

— அதுக்கு முன்ன நீங்க இன்னொரு தடவை எழுதியிருக்கலாம்.

— உன்கூட எழுதுன ஒரு தடவையே போதும். எட்டாம் வகுப்போட நின்ன தலைக்கு அவ்வளவுதான்னு விட்டுட்டேன். நீ பாஸானா ரெண்டு வருஷத்துக்குள்ள கொரியாவுக்கு வேலைக்குக் கூப்பிட்டுருவாங்க. அதுக்கு மேல போனாத்தான் பாஸானது செல்லாது. நம்ம லயத்து வீடுகள்லயிருந்து ஒருத்தராவது போகணும்டா. இந்தா, பஸ் வந்துருச்சு, ஏறு.

— அக்கா, அன்னைக்கு ரிசல்ட்டை என் போன்லதானே பாத்தோம்.

— நீதான் பாத்தே. ரெண்டு பேருமே ஃபெயில்னு சொல்லிட்டு மூணு நாள் சோறு திங்காமக் கெடந்தே. நான்தானே தேத்துனேன். ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு, அதை இப்ப என்னத்துக்குக் கிளறுறே? கண்டக்டர் கத்துறாரு பாரு.

— ஃபெயிலானது நான் மட்டுந்தாங்க்கா.