அஞ்சரை பவுண்ட்

— இந்தத் துப்பாக்கி வேணாம் ஆர்லன். கையில சுள்ளுனு உதைக்குது. வேற குடுங்க.

— ஆஸ்திரியாக்காரன் பண்ணது, நாடீன். பாதி பிளாஸ்டிக். வெயிட்டு இல்ல பாரு, அப்படித்தான் துள்ளும். ஆனா சேத்துல போட்டு எடுத்தாலும் சுடும். இப்ப வர்றவன் எல்லாம் இதைத்தான் கேக்கறான்.

— ட்ரிகர் எந்த இடத்துல சுடும்னே தெரியல. ஈரப் பஞ்ச அமுக்கற மாதிரி இருக்கு.

— அதுக்கென்ன, வேற ட்ரிகர் போட்டுக்கலாம். கைப்பிடி, குழல், குறி பாக்கற முள்ளு, எல்லாம் தபால்ல வரவழைச்சு அவனவன் சமையக்கட்டு மேசையிலயே மாட்டிக்கறான். என்னை மாதிரி துப்பாக்கி சரி பண்ற ஆளுக்கு இனிமே என்ன வேலை.

— உங்களுக்கு வேலை இல்லாமப் போனது அதனாலயா?

— சரி விடும்மா. இந்தா, இது செக் நாட்டுது. முழு இரும்பு, கைக்குள்ள நல்லா அடங்கும். காதுமூடிய மாட்டிக்கிட்டு ரெண்டு சுட்டுப் பாரு.

— ம். இது பரவால்ல. தள்ளுது, அடிக்கல. ஆனா முதல் குண்டுக்கு விரல் ரொம்ப தூரம் போகுதே.

— முதல் குண்டுக்குத்தான் அப்படி. அப்புறம் லேசாயிடும். நல்லாத்தான் கவனிக்கற. லாயிட் சொல்லுவான், எங்க வீட்டுல என்னைவிட அவளுக்குத்தான் விரல் பேசும்னு.

— என் புருசன் செத்து எட்டு மாசம் ஆச்சு. இன்னைக்குத்தான் அவர் பேரு உங்க வாயில வருது.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?

— அடக்கத்துக்குக்கூட வரல. கல்லறைக்கு எதுத்தாப்புல வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தீங்க. நான் பாத்தேன்.

— வந்திருந்தா உன் பொண்ணு கேசி என்ன பண்ணியிருப்பாளோ. அவ அப்பனைக் கொன்னவன் நான்தானே.

— துப்பாக்கியத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது தானா வெடிச்சுது, ட்ரிகர அவ்வளவு லேசாக்கி வச்சது என் தப்புன்னு ஷெரிஃப்கிட்ட சொன்னீங்க. அப்படித்தானே?

— போட்டிக்குப் போறேன், லேசாக்கிக் குடுன்னான். ரெண்டு பவுண்டு எடைக்கு இழுத்தாலே சுடற மாதிரி கொறைச்சேன். இதை எத்தனை தரம் சொல்லச் சொல்லுவ?

— ஷெரிஃப் நேத்து அந்தத் துப்பாக்கியத் திருப்பிக் குடுத்துட்டார். இந்தப் பையில இருக்கு.

— நாடீன், அதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்த?

— பயப்படாதீங்க, காலியாத்தான் இருக்கு. மத்ததையெல்லாம் சுட்டுப் பாத்துட்டேன், இதையும் சுட்டுப் பாக்கணும். நாளையோட கடைய மூடறீங்களாமே. நீங்க ஷெரிஃப்கிட்ட சொன்னது நிஜமா பொய்யான்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்.

— வேணாம். பையை மூடு.

— வால்நட் கைப்பிடி நீங்க செதுக்கினது. கண்ணு மங்குதுன்னு முன்முள்ளுல பித்தளைப் புள்ளி வச்சுக் குடுத்தீங்க.

— அவனோட அறுபதாவது பொறந்த நாளுக்கு. மூணு வாரம் ஒக்காந்து செஞ்சேன்.

— தள்ளி நில்லுங்க. குண்டு போட்டாச்சு, சுடப் போறேன்.

— சொன்னா கேக்க மாட்டியே நீ.

— ஆறு குண்டு. எல்லாமே நான் நல்லா அழுத்தின பெறகுதான் போச்சு. காஞ்ச குச்சி ஒடியற மாதிரி சுத்தமா ஒடியுது. ஆனா லேசா இல்ல, ஆர்லன்.

— உன் விரலுக்கு என்ன தெரியும்?

— நல்லாத்தான் கவனிக்கறன்னு இப்பத்தானே சொன்னீங்க. அந்த ஆணியில தொங்குதே கொக்கித் தராசு, அதை எடுங்க. எடுக்க மாட்டீங்களா? நானே எடுத்துக்கறேன்.

— விடு நாடீன். செத்தவன் செத்துட்டான்.

— குண்டையெல்லாம் எடுத்துட்டேன், பாத்துக்கங்க. கொக்கிய ட்ரிகர்ல மாட்டி இழுக்கறேன். ரெண்டு. ரெண்டைத் தாண்டிடுச்சு. மூணு. நாலு. அஞ்சரை பவுண்டுலதான் சுத்தி விழுது. வந்து பாருங்க.

— பாக்க வேணாம். எனக்குத் தெரியும்.

— ஷெரிஃப் ஏன் இப்படி நிறுத்துப் பாக்கல?

— நாப்பது வருசமா இந்த வட்டாரத்துல நான் சொல்ற பவுண்டுதான் பவுண்டு. என் கையிலருந்து போன துப்பாக்கிய எவனும் நிறுத்துப் பாத்ததில்ல. அவனும் தொப்பியக் கழட்டிட்டு நான் சொன்னதை எழுதிக்கிட்டுப் போயிட்டான்.

— அப்ப நீங்க ட்ரிகரத் தொடவே இல்ல.

— அவன் லேசாக்கச் சொல்லிக் கேட்டது நெசம். மான் வேட்டை சீசனுக்கு முந்தின வாரம். அன்னைக்கு அவன் ஆளே சரியில்ல. பேசிக்கிட்டே இருந்தான், என்னைப் பாக்கவே இல்ல. ஸ்பிரிங் வரல, அடுத்த மாசம் வான்னு தட்டிக் கழிச்சுட்டேன். துப்பாக்கியக் குடுத்துட்டுப் போடான்னு வாங்கிப் பூட்டி வச்சிருக்கணும். வேற யார் கண்ணுல அப்படிப் பாத்திருந்தாலும் வச்சிருப்பேன். இவன் என் சிநேகிதனாச்சே, கேட்டா அவமானப்படுவானேன்னு விட்டுட்டேன். அந்தப் பாவம் என்னோடதுதான்.

— அதுக்கு எதுக்குப் பொய்?

— தானே சுட்டுக்கிட்டான்னு தெரிஞ்சா கேசி காலம் பூரா ஏன் ஏன்னு தன்னையே அரிச்சுக்கிட்டுக் கெடப்பா. யாரையாவது திட்டினா மனசு ஆறும். என்னையே திட்டட்டும்னு விட்டுட்டேன். உனக்கும் தெரியாமலே போகட்டும்னுதான் இருந்தேன்.

— பேரு போச்சு. கடையும் போச்சு. சர்ச்சுல உங்க பெஞ்சுல ஒருத்தன் வந்து உக்காரல. நன்றித் திருநாளைக்கு வருசா வருசம் உங்களுக்குப் பீக்கன் கொட்டை போட்ட இனிப்பு சுட்டுக் கொண்டு வருவேன், போன தடவை உங்களைப் பாத்ததும் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனேன்.

— நீ என்னம்மா பண்ணுவ? உனக்கு எதுவும் தெரியாதே. தெரியாம செஞ்சதுக்கு உன்னை நான் என்ன சொல்ல?

— ஆர்லன், அன்னைக்கு மேசை மேல லாயிட் எழுதி வச்ச கடுதாசி ஒண்ணு இருந்துச்சு. ஷெரிஃப் வர்றதுக்குள்ள நான்தான் அதை எடுத்து அடுப்புல போட்டேன்.