சாயாக்காசு வாங்காத கை

பன்னிரண்டு-பதிமூன்று ஸ்பேனர் ஒன்று எல்லா வீட்டிலும் இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் மூன்று உண்டு. ஒன்றை என் மனைவி கிருபாபாய் பலாக்கொட்டை தட்ட வைத்திருக்கிறாள். இன்னொன்று காற்றுக்கு ஜன்னல் அடிக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நெய்யாற்றின்கரைக் கடையின் சர்வீஸ் மேனேஜர் ஷைஜு சார் அவர்களுக்குச் செல்லசாமி எழுதுவது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் முற்றத்துக்கு இறங்கிப் போனதைப் பற்றி, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். மலையாளத்தில் இருந்தால் நல்லது என்றும் சொன்னீர்கள். சண்டை போட எனக்கு மலையாளம் நன்றாக வரும். உண்மை சொல்ல உட்கார்ந்தால் தமிழ்தான் வருகிறது. உங்கள் அம்மா களியிக்காவிளைக்காரி என்று விசாரித்துவிட்டேன். வாசித்துச் சொல்ல ஆள் உண்டு.

உங்கள் கடையில் மெஷின் பொருத்தித் தருகிற ஜெனிலை இரண்டு வாரமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வருகிற திங்கட்கிழமை அவனை ஒரேயடியாக அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறீர்கள். அம்பூரியில் அவனுக்கு மனைவியும், ஒன்றரை வயதில் இரட்டைக் குழந்தைகளும் உண்டு. மெஷின் கொண்டுவந்த அன்றைக்கே கிருபாபாய் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பெயர்கூடக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். சக்கர நட்டு என் பிரிவு. நான் முறுக்கிய சக்கரம் ஒன்றை ஒருவராலும் கழற்ற முடியாமல், அந்த பஸ்ஸை ஏலம் எடுத்தவர் அச்சை அறுத்துத்தான் கொண்டுபோனார். சக்கரம் இன்னும் அவர் ரப்பர் தோட்டத்தில் கிடக்கிறது, நட்டு அதே முறுக்கில் இருக்கிறது. இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு பயணிகூட டிப்போவுக்குள் வந்து, சக்கரம் கழலாமல் ஊர் சேர்ந்தேன், இந்தாரும் ஒரு சாயா குடியும் என்று சொன்னதில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கொள்கை விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

கொள்கை இதுதான். வீட்டுக்கு ஃப்ரிட்ஜோ மெஷினோ கொண்டுவந்து பொருத்துகிறவர்களுக்குச் சாயாக்காசு தரக் கூடாது. தந்தால் வேலை கெடும். காசு வரும் என்று தெரிந்தவனுடைய கண் நட்டில் நிற்காது, வீட்டுக்காரனின் சட்டைப்பையில் போய் நிற்கும்.

இதை நான் நிலைநாட்டிய இடம் சோமனின் சாயாக்கடை. பாறசாலைக்குத் தெற்கே, எல்லையோடு ஒட்டி இருக்கிறது. சோமன் கேரளத்தில் நின்று சாயா ஆற்றுவான், காற்றடித்தால் நுரை தமிழ்நாட்டில் விழும். கடையில் ஒரே ஒரு மின்விசிறி. அதன் கீழே ஒரே ஒரு நாற்காலி. வாதத்தில் ஜெயித்தவர் அதில் உட்காரலாம், அடுத்த வாதத்தில் தோற்கும்வரை. நான் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசி இரண்டு கோடைக்காலம் எப்படிப் போனது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

என் எதிர்க்கட்சி தேவகுமார், அடுத்த வீட்டுக்காரன். பாலராமபுரத்திலிருந்து கைத்தறிச் சேலை எடுத்து விற்கிறவன். அவன் முடிவெட்டுகிறவருக்கும் காசு தருவான், முடிவெட்டும்போது கண்ணாடி பிடித்தவருக்கும் தருவான். புது ஃப்ரிட்ஜ் வந்தபோது தூக்கிவந்த இருவருக்கும் கொடுத்துவிட்டு, அதைக் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னான்.

"எழுவது கிலோவைச் சுமந்து படி ஏறுகான் அண்ணாச்சி. நமக்கு ஒரு வாழைக்குலைய எடுத்தா மூணு எடத்துல எறக்கி வைக்கணும்."

"அவனுக்குக் கம்பெனி சம்பளம் குடுக்குல்லா. நீ ஆருடே, கம்பெனிக்கு மருமவனா" என்றேன்.

கடை சிரித்தது. நான் விடவில்லை. லாரியிலிருந்து சாமான் இறங்குவதைச் சும்மா பார்த்து நின்றவர்களும் கூலி வாங்கிய நாடு இது, நோக்குகூலி என்று அதற்குப் பெயர், அரசாங்கம் பாடுபட்டு நிறுத்தியதை தேவகுமார் தன் சொந்தச் செலவில் திரும்ப நடத்துகிறான் என்று எடுத்துச் சொன்னேன். தேவகுமார் எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒத்துக்கொண்டோம். மஸ்கட்டிலிருக்கும் என் மகள் ஷீனா உங்கள் கடையில் பணம் கட்டிய வாஷிங் மெஷின் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறது. நான் ஒரு பைசா தர மாட்டேன். வேலை சுத்தமாக நடந்தால் நாற்காலி எனக்கு. பிசகினால் அவனுக்கு.

வெள்ளிக்கிழமை ஜெனிலும் அவனோடு சுமக்க வருகிற சிபியும் மெஷினோடு வந்தார்கள். தேவகுமார் மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுவிட்டான். நான் கதவைத் திறக்கப் போவதற்குள் கிருபாபாய் கேட்டிலேயே அவர்களை மறித்து, ஆளுக்கொரு நூறு ரூபாயைக் கையில் திணித்தாள். வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே.

"மொதல்லயே குடுத்தாத்தான் மனசு நெறஞ்சு செய்யும்" என்றாள் என்னிடம். பிறகு சாயா, ஏத்தம்பழம், ஒரு முழுப் பலாப்பழம்.

இனி வேலை கெட்டால்தான் என் கொள்கை நிற்கும் என்று ஆகிவிட்டது. பாவி ஜெனில் கெடுக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் ஓடு போட்ட வொர்க் ஏரியாவில் மெஷினை வைத்து, நாலு காலையும் மட்டம் பார்த்துத் திருகினான். பிறகு பின்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றினான். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன். வழியில் உள்ளே உள்ள டிரம் ஆடாமல் இருக்க நான்கு நீளப் போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். வீட்டில் வைத்ததும் கழற்றிவிட வேண்டும். விட்டுவிட்டு ஓட்டினால், டிரம் ஆட வேண்டிய ஆட்டத்தை மெஷின் முழுக்க ஆடும்.

ஜெனில் நான்கையும் கழற்றி, ஓட்டைகளை மூடிபோட்டு அடைத்து, போல்ட்டுகளை ஒரு கவரில் இட்டு என் கையில் தந்தான். "இதைக் களயாண்டாம் மாமா. வீடு மாறினா திரும்பப் போடணும்." அதன் பிறகு மெஷினைச் சுற்றவிட்டு, மேலே ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினான். மெஷின் உள்ளே சுழன்றது. நாணயம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது.

"எவ்வளவு வெடிப்பா செய்யுகான், பாத்தியளா" என்றாள் கிருபாபாய். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்துநாலு வருடம். சுத்தமான வேலைக்கு எங்கள் பக்கத்தில் வெடிப்பு என்பார்கள், என் வேலையைப் பார்த்து அவள் அந்தச் சொல்லை உபயோகித்ததில்லை. இதையும் காரணமாக எழுதவில்லை, தகவலாகத்தான் எழுதுகிறேன்.

மதிலுக்கு மேலிருந்து தேவகுமாரின் தலை பேசியது. "காசும் வாங்கியாச்சு, வேலையும் நின்னாச்சு. திங்கக்கெழம முதல் அண்ணாச்சி அந்த மூலைப் பெஞ்சிலயாக்கும்."

மூலைப் பெஞ்சு அடுப்புக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை முட்டு வலிக்கிறது என்று சொல்லி நான் சபைக்குப் போகவில்லை. கிருபாபாய் போனாள். வாகனச் சத்தம் அடங்கியதும் மூன்றாவது ஸ்பேனரை எடுத்தேன். மெஷினைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மூடிகளைப் பிடுங்கி, கவரிலிருந்த நான்கு போல்ட்டையும் திரும்பப் போட்டேன். சக்கர நட்டுக்குச் செய்வதுபோல எதிரெதிராக முறுக்கினேன், அப்போதுதான் இழுவை சமமாக வரும். பதினொரு நிமிடம் ஆனது. இந்த வயதில் அது மோசமில்லை. ஜெனிலுக்கு இரட்டைக் குழந்தைகள் இருப்பது தெரிந்துதான் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. செய்துகொண்டிருந்தபோது அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு, மெஷினுக்குப் பதினைந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கம்பி ஒன்றும் மாட்டிவைத்தேன். மெஷின் எங்காவது போக நேர்ந்தால் பாதியில் நின்றுவிடக் கூடாது அல்லவா. அது பாதுகாப்புக்காக.

திங்கட்கிழமை பத்து மணிக்கு தேவகுமாரையும் சோமனையும் அழைத்தேன். என் தோல்வியை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்ளப்போகிறேன் என்று சொன்னதால் இருவரும் குளித்துவிட்டு வந்தார்கள். தேவகுமார் தன் இரட்டை வேட்டிகள் நான்கைக் கொண்டுவந்தான், கிருபாபாய் போர்வைகளைப் போட்டாள். துவைக்கும்வரை மெஷின் ஒழுங்காக இருந்தது. பிழிய ஆரம்பித்ததும் முதலில் முனகியது. பிறகு பல் நறநறத்தது. பிறகு, ஒருவரிடமும் சொல்லாமல், புறப்பட்டது.

தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வொர்க் ஏரியாவைத் தாண்டியது. இரண்டு படியை எப்படி இறங்கியது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை, சோமன் அது காலெடுத்து வைத்தது என்கிறான். முற்றத்தில் கோழிகள் வழிவிட்டன. ஒன்று மேலே ஏறி முருங்கைவரை சவாரி போனது. தேவகுமார் பின்னால் நகர்ந்தான், மெஷினும் அந்தப் பக்கமே நகர்ந்தது. அவன் இடப்பக்கம் போனான், அதுவும் போனது. உள்ளே சுற்றுவது அவனுடைய வேட்டி, அந்தப் பாசமாக இருக்கலாம். கடைசியில் அவன் மதிலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தான். ஸ்டூல் வெள்ளிக்கிழமை நின்ற இடத்திலேயே நின்றது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, மற்றபடி ஒன்றுமில்லை. மெஷின் மதிலை ஏழெட்டு முறை முட்டிவிட்டு, கம்பி தீர்ந்ததும் நின்றது. இருபது மீட்டர் போட்டிருந்தால் அன்று மத்தியானம் களியிக்காவிளைச் சந்தையில் இருந்திருக்கும்.

"காசு குடுத்துச் செய்த வேலை, பாத்தியா" என்று மட்டும் சோமனிடம் சொன்னேன்.

மறுநாள் நீங்கள் அனுப்பிய பரிசோதகர் வந்தார், ஜெனிலையும் கூட்டிவந்தார். பின்பக்கம் நான்கு போல்ட்டும் இருந்ததைப் பார்த்து ஜெனில் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினான். கழற்றச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாய் சொருகி, சுவரில் காலை ஊன்றி இழுத்தான்.

"இது ஃபாக்டரி முறுக்கு இல்ல சார்" என்றான். "இது நல்லா தொழில் தெரிஞ்ச கையாக்கும்."

பரிசோதகர் காதில் வாங்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள்ளே சூடாக ஒரு சாயா இறங்கியது போலிருந்தது. அப்போது ஜெனில் என்னைப் பார்த்தான். "நான் களத்தி ஒங்க கையில தந்தேன்லா மாமா."

"எனக்கு ஓர்மை இல்ல மக்கா" என்றேன்.

நாணயம் நின்றதை கிருபாபாய் சொன்னாள். காலி மெஷின் ஆடாது, துணி போட்டால்தான் ஆடும் என்று நான் விளக்கம் கொடுத்தேன். அது சுத்தப் பொய். நீங்கள் நம்பினீர்கள். அதை என் தப்பில் சேர்க்க வேண்டாம்.

எட்டு நாள் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக இருந்தேன். ஒன்பதாவது நாள், காலில் கட்டோடு தேவகுமார் ஆட்டோவில் கடைக்கு வந்து, வேலை போகப்போகிற ஜெனிலுக்கு என்று ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தான். முறிந்த காலுக்குக் காரணம் என்று அவன் நம்புகிற ஆளுக்கே அவன் வசூல் செய்கிறான். சோமன் போட்டான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் போட்டார்கள். கிருபாபாய் சபையில் சொல்லிவிட, அங்கேயும் ஒரு டின் சுற்றியது. இப்படியே போனால் ஒரு போல்ட்டும் தொடாமல், வீட்டில் இருந்தபடியே, இந்தப் பகுதியில் யாரும் வாங்காத சாயாக்காசை ஜெனில் வாங்கிவிடுவான். கொள்கை உள்ள ஒரு மனிதன் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அவனை உடனே வேலைக்கு எடுத்துவிட்டால் டின்கள் நிற்கும்.

ஆனால் நான் பேனாவை எடுத்தது அதற்காகவும் அல்ல. நேற்று உங்கள் அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. கிருபாபாயை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது வரியில், நான்கு போல்ட்டும் தொழிற்சாலையில் முறுக்கியபடியே இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியைத் திருத்த வேண்டும். தொழிற்சாலை முறுக்கை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கழற்றும். அதை முறுக்கியது நான். யாரும் சொல்லாமல், யாரும் ஒரு சாயாகூடத் தராமல், முட்டு வலியோடு செய்த வேலை. அப்படியிருந்தும் எவ்வளவு சுத்தம் என்று ஜெனிலையே கேளுங்கள். சாயாக்காசு இல்லாமல்தான் நல்ல வேலை நடக்கும் என்று நான் சொன்னதற்கு இனி என்ன அத்தாட்சி வேண்டும்.

மெஷினுக்கும் மதிலுக்கும் காலுக்கும் உள்ளதை என் பென்ஷனில் பிடித்துக்கொள்ளுங்கள், போலீசுக்கு எழுதுவதென்றாலும் எழுதுங்கள். நல்லா தொழில் தெரிஞ்ச கை என்று ஜெனில் அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் திருத்திய அறிக்கையில் சேர்த்து, கடை முத்திரை குத்தி, ஒரு நகலை சோமன் கடைக்கு அனுப்பிவையுங்கள். சுவரில் மாட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறேன். வேறு எதுவும் வேண்டாம். செய்த வேலைக்குக் கை நீட்டுகிறவன் இல்லை நான்.