மிதிபாகல் பூத்த வெள்ளிக்கிழமை

எனக்குப் பாகற்காய் பிடிக்காது. பின்னால் இதைப் பற்றிக் கேள்வி வரும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை நடந்தபடி எழுது, உன் சுவரிதழ் நக்கலெல்லாம் இங்கே வேண்டாம்" என்றீர்கள். அப்படியே எழுதுகிறேன். என் பெயர் சூரியபிரகாஷ். தாவரவியல் மூன்றாம் ஆண்டு, வீடு கோச்சடை. வாரந்தோறும் துறை வாசலில் ஒட்டப்படும் சுவரிதழின் ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாம் நானே. பெரும்பாலான வாரங்களில் வாசகரும் நானே.

எங்கள் துறைத்தலைவர் நாகஜோதி மேடம், அமெரிக்காவிலிருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த விதையிலிருந்து ஆறு வருடமாக ஒரு கள்ளிச்செடி வளர்த்துவந்தார். பேரினத்தின் பெயர் பீடியோகாக்டஸ். அதில் ஒன்பது இனங்கள். இல்லை ஏழுதான் என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. எல்லாமே குள்ளம். மேடத்திடம் இருந்தது நோல்டோனி, அந்தக் குள்ளங்களிலும் ஆகக் குள்ளம். நியூ மெக்சிகோவில் ஏதோ ஒரு குன்றில் மட்டும்தான் தானாக முளைக்கிறதாம். ஆறு வருடத்தில் அது சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒருமுறைகூடப் பூத்ததில்லை.

குளிர்காலம் வந்தால்தான் அது பூக்கும், மதுரையில் குளிர்காலம் கிடையாது. ஆகவே மார்கழி முழுக்க அது ஆய்வகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும். ஆசிரியர்கள் தயிர்ச்சோற்று டப்பாவை மேசை மேலேயே வைத்துப் புளிக்கவிட்டுச் சாப்பிட்டார்கள். மற்ற மாதங்களில் அது துறையின் ஒரே ஏசி அறையில் இருக்கும். நாங்கள் பக்கத்து அறையில் தேர்வெழுதுவோம், விடைத்தாளில் வியர்வை சொட்டி மை கலங்கும்.

இதைப் பற்றிச் சுவரிதழில் நான்கு வரி எழுதினேன். "ஆறு வருடமாக எதுவும் செய்யாமல் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் வாழ்த்துகள்." இரண்டு பேராசிரியர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று புகார் கொடுத்தார்கள். செடி கொடுக்கவில்லை.

தண்டனையாக, மே மாத விடுமுறையில் அந்தச் செடியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேடம் உத்தரவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று கரண்டி தண்ணீர். ஏசி இருபத்திரண்டில். சாவியையும் தம்பி அனுப்பிய இரண்டு பக்கக் குறிப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மேடம் முனைவர் பட்டம் வாங்கியது பாசியில். கள்ளிக் குறிப்பில் முதல் பக்கத்தை மட்டும்தான் அவர் படித்திருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் இரண்டு பக்கமும் படித்தேன். ஏசி அறையில் வேறு வேலை இல்லை.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: வறட்சி வந்தால் இந்தச் செடி சுருங்கித் தன்னைத்தானே மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாது. செத்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் கிடைத்தால் மேலே வரும்.

முதல் வெள்ளிக்கிழமை அழகர் ஆற்றில் இறங்கிய அலுப்பு. அடுத்ததற்கு அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. மூன்றாவதற்குக் காரணம் யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. நான்காவது வாரம் புதன்கிழமை போனபோது ஏசி நின்றிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருந்ததால் நான்தான் அணைத்துவைத்திருந்தேன். தொட்டியில் வெறும் சிறுகற்கள். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உடனே புரிந்தது. லேசாகச் சிரித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாளே மேடம் திரும்பிவிட்டார். தொட்டியைப் பார்த்தவர் என்னைக் கேட்கவில்லை. நேராக வெளியே வந்து, மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்த மருது அண்ணனைக் கூப்பிட்டார்.

மருது அண்ணன் எங்கள் தோட்டக்காரர். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பதினொரு வருடமாகத் தற்காலிகம். வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டர் அப்போதுதான் கையெழுத்தாகி வந்திருந்தது. கல்லூரி திறக்கும் விழாவில், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, சிறப்பு விருந்தினர் கையால் கொடுப்பதாக ஏற்பாடு.

"மருது, அந்த ரூம் சாவி உங்கிட்டயும் ஒன்னு இருக்குல்ல?"

"இருக்கு மேடம். பதினோரு வருசமா இருக்கு."

"அப்ப என் செடி எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? அந்த ரூமுக்குள்ள கால வச்சா குளுருது மேடம், நான் போறதே இல்ல."

"ஆறு வருசம்! புள்ள மாதிரி வளத்தேன்!"

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். உங்கள் முகத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் மேடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். தவிர, அவ்வளவு பெரிய திருட்டு வழக்கு எங்கள் துறையில் அதுவரை நடந்ததில்லை. சுவரிதழுக்கு ஒரு வாரம் தாங்கும் என்று பட்டது.

செடி கிடைக்கும்வரை மருதுவின் ஆர்டரை நிறுத்திவைப்பதாக முதல்வர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மருது அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் என்னை மறித்தார்.

"தம்பி, நீங்கதான பாத்துக்கிட்டிருந்தீங்க. ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குனு வீட்டுல அம்புட்டுப் பேரும் புதுத்துணி எடுத்து வச்சிருக்காங்க. இப்பப் போயி திருட்டுப்பயன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு மனசு இளகிவிட்டது. உண்மையைச் சொன்னால் தண்ணீர் ஊற்றாத மூன்று வெள்ளிக்கிழமைகளையும் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருடைய பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதது. அவருக்கு வேண்டியது தொட்டியில் ஒரு செடி. எனவே ஒரு செடிக்கு ஏற்பாடு செய்தேன்.

கோரிப்பாளையத்தில் காய்கறி விற்கும் மாயக்காள் அக்காவின் கடையில் மிதிபாகலைக் கிளறிக்கொண்டிருந்தேன். மிதிபாகல் என்பது விரல் நீளம்கூட இல்லாத குட்டிப் பாகற்காய். உடம்பெல்லாம் கொப்புளம்.

"என்னப்பா, பொண்ணா பாக்குற? கால் கிலோ போடவா?"

"ஒன்னு போதும்க்கா. உருண்டையா."

"ஒத்தப் பாகக்காயை வச்சு என்ன செய்வ? கொழம்பா, நேர்த்திக்கடனா?"

"காலேஜுக்குக்கா."

"படிப்பு இம்புட்டுக் கசக்குதா? சும்மாவே கொண்டு போ."

கொண்டுபோனேன். என் அப்பாவின் பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து வெள்ளை இழைகளை நறுக்கி, ஒவ்வொரு கொப்புளத்திலும் ஐந்தைந்தாகப் பசை வைத்து ஒட்டினேன். இரண்டு பகல் ஆயிற்று. அப்பா அந்த வாரம் பல் துலக்கும்போது முகம் சுளித்தார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தொட்டியில் பாதி புதைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே ஆய்வகக் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கவிழ்த்துவைத்தேன்.

திங்கட்கிழமை மேடம் அதைப் பார்த்து அழுதுவிட்டார். அப்புறம்தான் நான் குறிப்பின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். "உள்ள போயிட்டு வந்திருக்குடா! நான் அப்பவே நெனச்சேன்!" என்றார். திருட்டுப் புகார் வாபஸ். போனதைவிட இப்போது மூன்று மடங்கு பெரிதாக வந்திருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. சந்தோஷமாக இருப்பவர்கள் அளந்து பார்ப்பதில்லை.

மருது அண்ணன் மட்டும் குடுவைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏப்பா தம்பி, இது மிதிபாகல்ல?"

"அண்ணே, உங்களுக்கு ஆர்டர் வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப இது பாகல் இல்ல."

அவர் நேர்மையான மனிதர். நேர்மையான மனிதர்கள் எந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் அன்றே அவரைப் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய், பாகற்காயைப் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அங்கே செய்த சத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் மீறுவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். விபூதியை அவர் நெற்றியில் பூசிவிட்டது நான்தான்.

பாகல் வாடக் கூடாது என்று தினமும் தண்ணீர் தெளித்தேன். புதன்கிழமை அது மஞ்சளாகத் தொடங்கியது. மேடம் மொட்டு என்றார். வெள்ளிக்கிழமை காலை ஆரஞ்சு நிறமாகி மூன்றாகப் பிளந்து வளைந்து விரிந்து, உள்ளே சிவப்பாக விதைகளைக் காட்டியது. பழுத்த பாகற்காய் அதைத்தான் செய்யும். மேடம் கைபேசியில் தம்பியை எழுப்பி, "பூத்துருச்சுடா" என்றார். விழா மேடையிலேயே அறிவித்தார்கள். சிறப்பு விருந்தினர், முதல்வர், பேராசிரியர்கள் என இருபத்தெட்டுப் பேர் வரிசையாக ஏசி அறைக்குள் வந்து பார்த்தார்கள். வாரத்துக்கு ஒருநாளாவது பாகற்காய் சாப்பிடுகிற இருபத்தெட்டுப் பேர். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நான் ஊற்றிய தண்ணீர் பாகலோடு நிற்கவில்லை. பாகலுக்கு ஒரு நகக்கண் தள்ளி, கற்களை ஒதுக்கிக்கொண்டு, பொத்தான் அளவில் ஒன்று தலை தூக்கியிருந்தது. சாம்பல் பச்சை, சீப்புப் பல் மாதிரி வெள்ளை முட்கள். நோல்டோனி மேலே வந்துவிட்டது.

மேடத்தின் கண்ணிலும் அது பட்டது.

"மருது! விருந்தாளி வந்திருக்கிற நேரத்துல பக்கத்துலயே களை மொளைச்சிருக்கு. இதைக்கூடப் பாக்க மாட்டியா? புடுங்கு."

ஆர்டர் வாங்குவதற்காகப் புதுச் சட்டையில் நின்றிருந்த மருது அண்ணன், கையிலிருந்த சருகுக் கூடையைக் கீழே வைத்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"மேடம், இது களையில்ல. இதுதான் உங்க செடி. வெத போட்ட அன்னைக்கு மண்ணு சலிச்சுக் கொடுத்தவன் நானு. எனக்குத் தெரியும்."

"அப்ப பூத்திருக்கிறது என்னது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குடுவையைப் பார்த்தேன். சத்தியம் செய்திருந்ததால் அவர் வாய் திறக்கவில்லை. விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"புடுங்கு மருது."

"மாட்டேன் மேடம். உயிரோட இருக்கு."

எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. எனவே நான் முன்னே போய், இரண்டு விரலால் அதைப் பிடித்துத் திருகி எடுத்தேன். முட்கள் குத்தவில்லை, மிக மென்மையானவை, குறிப்பிலேயே இருக்கிறது. மருது அண்ணன் கூடையில் சருகோடு சருகாகப் போட்டேன். மேடம் என் முதுகில் தட்டினார். சொன்ன வேலையைச் செய்யாத ஆளை எப்படி நிரந்தரமாக்குவது என்று முதல்வர் ஆர்டரைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். மருது அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஏன் பிடுங்கினாய் என்று கேட்பீர்கள். அத்தனை பேர் முன்னால் மேடத்தின் மானம் போகக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு, சிறிய விஷயம்தான். அந்த வாரச் சுவரிதழை நான் வியாழக்கிழமையே எழுதி முடித்திருந்தேன். பாகற்காய் பழுத்துப் பிளக்கும், வந்தவர்கள் கும்பிடு போடுவார்கள் என்று முன்னமே ஊகித்து எழுதியிருந்தேன், அதோடு கட்டுரை முடிகிறது. நன்றாக வந்திருந்தது. அசல் செடி அந்த நேரத்தில் வெளியே வந்தால் கடைசிப் பத்தியை மாற்ற வேண்டியிருக்கும். கட்டுரை இன்னும் ஒட்டப்படாமல் என் பையில்தான் இருக்கிறது.

பாகலின் விதைகள் தொட்டியில் விழுந்து முளைத்து, கொடி ஓடி, ஆகஸ்டில் ஏசிப் பெட்டியைச் சுற்றிப் படர்ந்து மஞ்சள் பூ விட்டதும் இந்தக் குழு அமைக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்ததே. தோட்டக்காரர் மருதுதான் பழிவாங்க இதைச் செய்திருக்கலாம் என்று உங்கள் அறிவிப்பில் போட்டிருந்தீர்கள். அதை நான் எழுத்துப் பிழை நீக்கிச் சுவரிதழிலும் ஒட்டினேன். ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போனேன். மனசு உறுத்தியதா என்றால், வெயிலில் தாள் பழுப்பதைக் கவனித்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு மருது அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்குக் காலேஜுக்கு வாரேன். அன்னைக்குக் கூடையில போட்டீங்கல்ல, அதை வீட்டுல சப்பாத்திக்கள்ளி மேல சீவி ஒட்டி வச்சேன். பிடிச்சிருச்சு. இப்ப ரெண்டா ஆகியிருக்கு. பாகக்காயைப் பத்தி நான் பேச மாட்டேன், சத்தியம் சத்தியந்தான். செடியை மட்டும் கொண்டாந்து அய்யாமாரு மேசையில வைக்கிறேன். மிச்சத்த நீங்க மொதல்ல சொல்றீங்களா, இல்ல அவுங்களே கேக்கட்டுமா?"

என் மனசாட்சி விழித்தது நாலே முக்காலுக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டது தற்செயல்தான். நானாகவே முன்வந்து ஒப்புக்கொண்டேன் என்று நீங்கள் பதிவு செய்யலாம்.

ஆகவே: தண்ணீர் ஊற்றாதவன் நான். பாகல் நட்டவன் நான். சத்தியம் வாங்கியவன் நான். அசல் செடியைத் தெரிந்தே பிடுங்கியவன் நான். மருது அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை. வெளியே பெஞ்சில், மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, அன்றைய புதுச் சட்டையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை உள்ளே கூப்பிட்டு ஆர்டரைக் கொடுக்கும்போது என்னையும் ஓரமாக நிற்க அனுமதிக்க வேண்டுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான். அந்தக் கடைசிப் பத்தியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அவர் முகம் எப்படிப் போகிறது என்று நேரில் பார்த்தால்தான் சரியாக வரும்.