மாப்பிள்ளை மீன்

— ஐயையோ, லைட்டைப் போடாதே! அணை, அணை! முட்டை வச்சிருக்குன்னு தெரியலை? கண்ணு அவிஞ்சா போச்சு?

— ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி வச்சிருந்தா எனக்கு எப்படிப்பா தெரியும்? மணி காலையிலே பத்து. ஊருக்கெல்லாம் விடிஞ்சு உங்க வீட்டுல மட்டும் விடியலை.

— டிஸ்கஸ்னா என்னன்னு நினைச்சே? சீசாவுல போட்டுப் பொரி தூவுற மீனா? சத்தம் கூடாது, நிழல் ஆடக் கூடாது. கொஞ்சம் மிரண்டாலும் வச்ச முட்டையைத் தானே தின்னுடும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கே. வந்த வேகத்துல குடியைக் கெடுக்காதே.

— சரி, நிழல் ஆடாம இங்கேயே நிக்கிறேன். நான் உங்ககூட மல்லுக்கு நிக்க வரலைப்பா. கீழே வண்டி நிக்குது. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. எனக்கு வேற ஊர்ல லிஃப்ட் கம்பெனியிலே வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்கே கிளம்பறோம். இனிமே நினைச்சா வர முடியாது.

— கிளம்பறோமா? அது என்ன, எத்தனை பேரு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. நானும் அவளும்தான். வண்டியிலே உக்காந்திருக்கா. மேலே வரச் சொல்றேன். ‘நல்லா இருங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. வேற ஒண்ணும் கேக்கலை.

— யாரு, அந்தப் பல்லுபுடுங்கியா?

— பல் டாக்டர்.

— என்ன எழவோ. ஊரான் வாயை நோண்டிப் பிழைக்கிறவ அவ. லிஃப்டுக்கு அடியிலே படுத்துக் கிரீஸ் பூசிக்கிறவ நீ. நல்லா சேர்ந்தீங்க போ! இந்த வாசப்படியை அவ மிதிக்கக் கூடாது. கேட்டுக்கோ.

— வெயில்ல உக்காந்திருக்காப்பா. ஒரு தம்ளர் தண்ணியாவது எடுத்துட்டுப் போறேன்.

— இந்த வீட்டுல இருக்கற நல்ல தண்ணியெல்லாம் மீனுக்கு.

— மூணு டிரம் நிறைய இருக்கே!

— இருக்கும். தினம் பாதித் தொட்டித் தண்ணியை மாத்தணும். சூடு ஒரு டிகிரி இறங்கினா வயித்தைச் சுருட்டிக்கிட்டு மூலையிலே நிக்கும். உனக்கு எங்கே புரியும்? நீ உன் தட்டையே கழுவினதில்லை. சரி, வந்தது வந்தே, இப்படி வா. கிட்டே போகாதே, தள்ளி நில்லு. தொட்டி விளக்கு வெளிச்சத்துல அந்த மண் கூம்பு தெரியுதா?

— கவுத்துப் போட்ட பூந்தொட்டி மாதிரி இருக்கே, அதுவா?

— அதேதான். அது மேல பொட்டுப் பொட்டா அப்பியிருக்கு பாரு, அத்தனையும் முட்டை. நானூறு! போட்டோ எடுத்து எண்ணிட்டேன், கேட்டுக்கோ. மத்தவன் தொட்டியிலே இருநூறு வச்சாலே மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியறான்.

— அந்தச் சிவப்பு யாரு?

— மாப்பிள்ளை. பக்கத்துல நீலக்கோடு போட்டது மகராசி. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளைன்னு வந்தது அவன் ஒருத்தன்தான். வேற வர்றதுக்குத்தான் நீ வழி வைக்கலையே.

— அது மாப்பிள்ளைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— நெத்தியைப் பாரு, எப்படி எடுப்பா இருக்கு! நடையைப் பாரு! ஆம்பளைன்னா பார்த்த உடனே தெரிஞ்சுடும்.

— மீன் நடக்குதாப்பா?

— வாயி! அந்த வாய்க்குத்தான் நான் பார்த்த ஏழு மாப்பிள்ளையும் திரும்பிப் பார்க்காம ஓடினான்.

— ரூம்ல வச்சுப் பூட்டி, பொண்ணு பார்க்கன்னு ஆள் வரும்போது மட்டும் திறந்து விட்டா எவன் நிப்பான்? ஏழாவது ஆள் நல்ல மனுஷன். கதவைத் தட்டித் தட்டி வீங்கிப் போன என் கையைப் பார்த்துட்டு, ‘பூட்டி வச்சிருக்காங்களா?’ன்னு கேட்டாரு.

— நல்லதுக்குத்தான் பூட்டினேன். அதை விடு, அங்கே பாரு. மகராசி துடுப்பை ஆட்டி முட்டைக்குக் காத்து விசிறுது பாரு. அவன் காவல். அவ களைச்சா அவன் விசிறுவான். குஞ்சு பொரிச்சா என்ன தின்னும், தெரியுமா?

— என்ன தின்னும்?

— அப்பன் ஆத்தா உடம்புல பால் மாதிரி சுரக்கும். ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு அதைக் கொத்தித் தின்னே குஞ்சு வளரும். ஒருத்தருக்கு முடியலைன்னா சட்டுனு திரும்பி மத்தவர்கிட்டே விட்டுடும். இதுக்குப் பேரு குடும்பம். அஞ்சறிவுக்கு இருக்கற புத்தி உனக்கு இல்லையே, தூ!

— இது எத்தனையாவது தடவை முட்டை வைக்குது?

— ஒன்பது.

— எத்தனை குஞ்சு பொரிச்சிருக்கு?

— பொரிக்கும், பொரிக்கும்.

— ஒண்ணு கூட இல்லையா?

— மேல் வீட்டுக்காரன் சுவத்துல ஓட்டை போட்டான். அதுக்கு முந்தி ரெண்டு நாள் கரண்டு இல்லை. அதுக்கும் முந்தி உன் அத்தை வந்து, ‘அடேயப்பா, எவ்வளவு முட்டை!’ன்னு வாயைப் பிளந்துட்டுப் போனா. விளங்குமா?

— இப்பவும் பாதி வெள்ளையா போயிடுச்சேப்பா. அதோ, மேல் வரிசை பூரா.

— நீ காலை எடுத்து வச்சே இல்லை?

— நான் வந்து பத்து நிமிஷம் கூட ஆகலை!

— உனக்குப் பத்து நிமிஷமே அதிகம். உன் அம்மா மட்டும் இருந்திருந்தா, இந்தக் கூத்துக்கு விட்டிருப்பாளா?

— அம்மா அவளைப் பார்த்திருக்காங்க.

— எவளை?

— கீழே உக்காந்திருக்காளே, அவளைத்தான். அம்மாவுக்குப் பல் செட்டு கட்டினது யாருன்னு நினைச்சீங்க? ‘பல்லு பொருந்தலை, பல்லு பொருந்தலை’ன்னு வாரா வாரம் போனாங்களே, ஞாபகம் இருக்கா? பல்லு முதல் நாளே பொருந்திடுச்சுப்பா. அவகூட உக்காந்து கதை பேசத்தான் போனாங்க.

— புளுகாதே.

— கடைசி மூணு வருஷம் அம்மா உங்களைப் பார்த்துச் சிரிச்சதெல்லாம் அவ கட்டின பல்லுலதான்.

— எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. சரி, பல்லைக் கட்டினா கட்டிட்டுப் போகட்டும். அதுக்காக? ஜோடின்னா ஜோடியா இருக்கணும். ரெண்டு பொம்பளை ஒரே வீட்டுல ஆக்கித் தின்னா அது குடும்பம் இல்லை, ஹாஸ்டல். ஜோடின்னா எப்படி இருக்கணும்னு தொட்டியைப் பார்த்துக் கத்துக்கோ.

— மீனைப் பார்த்துத்தான் நான் வாழணுமா?

— மனுஷனைப் பார்த்துத்தான் நீ கத்துக்கலையே!

— சார்! சாரே! பில்டர் பஞ்சு கொண்டாந்திருக்கேன்!

— கத்தாதடா, முட்டை வச்சிருக்கு! அப்படியே வாசல்ல வச்சுட்டுப் போ.

— கதவு திறந்துதான் இருக்கு, உள்ளே வாங்கண்ணே. நான் இவரோட பொண்ணு.

— அடடே, லிஃப்ட் வேலை பார்க்கறவங்களா? நான் மீன் கடை வச்சிருக்கேம்மா. சாருக்கு இந்த மீனெல்லாம் கொடுத்ததே நான்தான். பொய் சொல்ல மாட்டேன், உங்களைப் பத்தி சார் பேசாத நாளே கிடையாது.

— அப்படியா? என்ன பேசுவாரு?

— அதை விடுங்கம்மா. அட, மறுபடியும் முட்டையா! என்னா கூட்டம்!

— பார்த்தாச்சு இல்லை? பஞ்சை வச்சுட்டுக் கிளம்பு.

— ஒரு நிமிஷம்ணே. ஒன்பது தடவையும் முட்டை ஏன் வெளுத்துப் போச்சு? நான் இன்னைக்குத்தான் வந்திருக்கேன், அதுக்குள்ளே என் காலடி ராசி சரியில்லையாம்.

— தண்ணியிலே கோளாறு. தண்ணின்னு சொல்லிட்டு நடையைக் கட்டுடா.

— தண்ணியா? பொய் சொல்ல மாட்டேன் சார், உங்க தண்ணி தங்கமான தண்ணி.

— உன் கடைப்பக்கம் இனிமே தலை வச்சுப் படுக்க மாட்டேன், பார்த்துக்கோ!

— அவர் கிடக்கறாரு. நீங்க சொல்லுங்கண்ணே.

— அது வந்தும்மா... ஆண் சேராத முட்டை. வெறும் கூமுட்டை. நானூறு முட்டையை ஒரே பொட்டை வைக்குமா, நீங்களே சொல்லுங்க? இருநூறு இது வச்சது, இருநூறு அது வச்சது. ரெண்டுமே பொட்டைம்மா.

— எது, மாப்பிள்ளையுமா?

— மாப்பிள்ளையும்தான்.

— அப்பா! எடுப்பான நெத்தி! ஆம்பளை நடை! பார்த்த உடனே தெரிஞ்சுடும்! ஐயோ, எனக்கு மூச்சு முட்டுதே!

— சிரிக்காதே. மீன் மிரளும்.

— மிரளட்டுமே! ஹாஸ்டலுக்கா தினம் பாதித் தொட்டித் தண்ணி மாத்திக்கிட்டு இருந்தீங்க? ஹாஸ்டலுக்கா ஜன்னல்ல போர்வை கட்டினீங்க?

— போதும், நிறுத்து.

— எதுக்கு நிறுத்தணும்? பெத்த பொண்ணு கேட்டா ஒரு தம்ளர் தண்ணி கிடையாது. இதுங்களுக்கு மூணு டிரம்! எனக்கு வயிறு எரியுதுப்பா. போகட்டும், இப்போதான் தெரிஞ்சு போச்சே. எனக்குப் பண்ணினதையே இதுங்களுக்கும் பண்ணிடுங்க. ஒண்ணைத் தனித் தொட்டியிலே பூட்டுங்க. ஏழு மாப்பிள்ளையைக் கொண்டு வந்து விடுங்க. அண்ணே, வலை வச்சிருக்கீங்களா? பிரிச்சுடுங்க. பிரிக்கிறதுல எங்க அப்பாவை அடிச்சுக்க ஆளே இல்லை.

— டேய், நீ வாயைத் திறக்காதே. ஒரு வார்த்தை பேசினே, நடக்கறதே வேற.

— பொய் சொல்ல மாட்டேம்மா, மொத தடவை முட்டை வச்சப்பவே ரெண்டும் பொட்டைன்னு நான் சொல்லிட்டேன். ஒண்ணை எடுத்துட்டு வேற ஆண் மீன் தர்றேன்னு வலையும் கையுமா இதே இடத்துலதான் நின்னேன். சார்தான் வலையைப் பிடுங்கிக்கிட்டு, ‘எதுவா இருந்தா உனக்கென்னடா, அதுங்க ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காதுடா, பிரிக்கிறது பாவம்டா’ன்னு என்னை வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டே போனாரு.