எந்தப் பேஜ், யார் கையில

– கொஞ்சம் தள்ளி உட்காருங்க. மூக்கு ஸ்கிரீன்ல இடிக்குது.

– பொண்டாட்டி பக்கத்துல உட்காரக் கூடாதா? நீ ரன் பண்ணு.

– கண்ணுல கட்டு பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல... அதுக்குள்ள ஆபீஸ் வேலை!

– ஆபரேஷன் கண்ணுக்குத்தான், மூளைக்கு இல்ல. சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்குது. ரன் பண்ணும்மா.

– பண்ணிட்டேன். நின்னுபோன சர்வரோட மெமரி அப்படியே, துண்டு துண்டா, பேஜ் பேஜா வந்திருக்கு. எட்டு புரோகிராமும் பொதுவா வச்சிருந்த பேஜ் எல்லாம் இருக்கு.

– அந்தப் பழைய கோளாறு போச்சா?

– எது? ஒரே பேஜை எட்டு பேரும் என்னுது என்னுதுன்னு சொல்ல, நம்ம டூல் எட்டு தடவை கூட்டிச்சே, அதுவா?

– அதேதான். மெஷின்ல இருக்கிறதைவிட கணக்கு பெருசா...

– எந்த மகராசன் எழுதின கோடோ!

– நான்தான். கல்யாணமான புதுசு. கவனம் எங்க இருந்துச்சோ.

– ஓஹோ, பழி என் மேலயா! திருத்திட்டேன் சாமி. ஒரு பேஜ்னா ஒரு தடவைதான். அதை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு தனியா காட்டும். நீங்க பாத்துச் சொன்னா அனுப்பிடுவேன்.

– பாத்துட்டேன். சரியா இருக்கு.

– அதுக்குள்ளயா?

– கட்டம் போட்டு டேபிளை எழுதினவனே நான். எங்க பாக்கணும்னு தெரியாதா?

– எங்க பாத்தீங்க?

– வலது பக்கம், கடைசிக் கட்டம். எட்டுன்னு இருக்கே. அதுக்கு முந்தின கட்டத்துல, பேஜ் ரேம்ல இருக்கா, டிஸ்க்குக்குப் போயிடுச்சான்னு...

– எழுத்து தெளிவா தெரியுதா?

– பளிச்சுனு. திங்கக்கிழமை வரேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடு.

– பைக் யாரு ஓட்டுறது?

– நீதான். ரொம்ப நாளா ஆசைப்பட்டியே... ஏய், அழறியா?

– சளி.

– நேத்து இல்லாத சளியா?

– பேச்சை மாத்தாதீங்க. என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?

– ஒண்ணுமில்ல... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். பார்வை சரியா வராமலே போச்சுன்னு வை. இந்த டூலை விட்டா எனக்கு வேற என்னம்மா தெரியும்? ஸ்கிரீனைப் பாக்க முடியாதவனை எவன் வேலைக்கு வச்சுப்பான்?

– அங்க டேபிளே இல்லைங்க. டம்ளருக்கு வெளிய தண்ணி ஊத்தினீங்களே, அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். டாக்டரை நாளைக்குச் சேர்ந்தே போய்ப் பாக்கலாம். கட்டம் கட்டமா இருந்தா, வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் உளறிக் கொட்டுது. அதான் எல்லாத்தையும் தூக்கிட்டு, ஒரு பேஜுக்கு ஒரு வரின்னு எழுதியிருக்கேன். இந்தாங்க, ஹெட்போனை மாட்டுங்க... இப்ப கேட்டுச் சொல்லுங்க, அனுப்பலாமா?