திரை போட்டால் நிற்கிறது

ரிமோட் வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, பொத்தான்களை எண்ணுவது. ஐம்பது பொத்தான் இருந்தால் நல்ல ரிமோட் என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டில் தினமும் அழுத்துவது ஏழோ எட்டோதான். கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி போடாமல், கட்டைவிரலால் தடவியே ஒலிப் பொத்தானைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், பழைய ரிமோட்டிடமிருந்து நேராகக் கற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். அட்டையில் அச்சடித்த எண் பட்டியலை மட்டும் நம்பி வாங்கினால், வீட்டில் இருக்கும் பழைய கருவி ஏதாவது ஒன்று நிச்சயம் முரண்டு பிடிக்கும்.

இதை நான் முப்பத்து நான்கு வருடம் கடையில் நின்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் டி.வி. கெட்டுப்போனால் ரீனஸிடம் கொண்டுபோ என்பார்கள். இப்போது வயது எழுபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை, ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் இரண்டு ரிமோட்டையும் வாங்கியது நான்தான். ஒரே மாதிரி இரண்டு எதற்கு என்று கேட்டீர்கள். ஒன்று வாங்கினால் இரண்டாவது பாதி விலை என்று போட்டிருந்தது. ஹாலந்தில் பிறந்தவன் எவன் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவான்? வாங்கும்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

அலைடா என் எதிர்வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். கணவர் மௌரிட்ஸ் இருந்தவரை டி.வி. சம்பந்தப்பட்டதெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. அவர் இறந்ததும் நான்கு ரிமோட்டுகள் அலைடா தலையில் விழுந்தன. டி.வி.க்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, டி.வி.டி.க்கு ஒன்று. நான்கையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினார்.

"எதிர்வீட்டுக்காரரே, இந்த நாலு பேரும் ஒருத்தர் பேச்ச ஒருத்தர் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

வேலை சுலபம், நான்குக்கும் பதில் நான் வாங்கியதில் ஒன்றே போதும். பழையதையும் புதியதையும் மேஜைமேல் மூக்கோடு மூக்கு வைக்க வேண்டும், நடுவில் மூன்று விரல் இடைவெளி. புதியதில் கற்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். அப்போது பழையதில் எதை அழுத்தினாலும் புதியது அதை வாங்கிக்கொண்டு இரண்டு முறை கண் சிமிட்டும். அலைடா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்தம் குடுத்துக்கற மாதிரில்ல இருக்கு," என்றார். "பாத்துங்க, தெருவே பாக்குது."

அன்று காபியோடு எனக்கு இரண்டு பிஸ்கட் கிடைத்தது. எங்கள் தெருவில் ஒன்று கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவது வழக்கம். பழைய நான்கையும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது ரிமோட்டுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவருடையது கீழே விழுந்து உடைந்தால் மாற்று ஒன்று வேண்டும் அல்லவா?

அப்புறம் ஆறு வாரம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தால் இதுதான் பலன், யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் தெருவின் அகலம் எட்டு மீட்டர்கூட இல்லை. பழைய வீடுகள் என்பதால் ஜன்னல்களை மாற்றக் கூடாது. இன்னும் அந்தக் காலத்து ஒற்றைக் கண்ணாடிதான். யாரும் திரை போடுவதும் கிடையாது. மறைக்க ஏதாவது இருப்பவன்தான் திரை போடுவான் என்று என் அம்மா சொல்வார். மாலை எட்டு மணிச் செய்திக்கு அலைடா உட்காருவது என் நாற்காலியிலிருந்து அப்படியே தெரியும். அவருடைய கால், கம்பளிச் செருப்பு, டி.வி.யின் வெளிச்சம், எல்லாம் தெரியும்.

ஒரு மாலை அந்த மாற்று ரிமோட்டை எடுத்து அங்கே காட்டி அழுத்தினேன். பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். என் டி.வி.யிலேயே பார்த்திருக்கலாமே என்பீர்கள். என்னுடையது வேறு கம்பெனி. முதலில் அது அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை. அதனால் முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசும் சின்ன விளக்கை எடுத்துவிட்டு, பலமானவை மூன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அரைமணி நேர வேலை. மறுநாள் எட்டு மணிக்கு அவருடைய டி.வி. சத்தம் தெருவுக்கே கேட்டது. அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

"ரீனஸ், இது தானா கத்துது. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

போனேன். சரிசெய்தேன். காபி குடித்தோம். அவர் மாணவர்களைப் பற்றிச் சொன்னார், நான் கடையைப் பற்றிச் சொன்னேன்.

"நீங்க வந்தா மட்டும் இது நல்ல பிள்ளையா நடந்துக்குது," என்றார் கதவருகில்.

அப்படித்தான் ஆரம்பித்தது. செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போனால் அது தொந்தரவாகிவிடும். ஒரு வருடம் இப்படி நன்றாகவே போயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வருடம் வேறு இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அலைடா வியாழக்கிழமைகளில் பாட்டுக் குழுவுக்குப் போவார். அங்கே சிப்ரன் என்று ஒருவர் சேர்ந்தார். நல்ல கனத்த குரல், அதைவிடக் கனத்த சிரிப்பு. டெர்ஸ்கெல்லிங் தீவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அக்டோபரில், காபி ஊற்றிக்கொண்டே அலைடா சொன்னார்:

"வர்ற மே மாசம் இந்த வீட்ட வித்துட்டு சிப்ரனோட தீவுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான். நாப்பது வருஷம் வரைபடத்துல கடலைக் காட்டியே காலம் போயிடுச்சு. இனிமே ஜன்னலத் தொறந்தா கடல் தெரியட்டுமே." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அங்கயும் இந்த டி.வி. அடம்பிடிச்சா நீங்க கப்பல் ஏறி வரணும், சொல்லிட்டேன்."

எழுபத்து நான்கு வயதில் தீவு எதற்கு? பெருங்காற்று அடித்தால் கப்பல் ஓடாது. நெஞ்சுவலி வந்தால் ஹெலிகாப்டர் வர வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேறு வழியில் புரியவைக்க வேண்டியதாயிற்று.

நவம்பரிலிருந்து தினமும் செய்தேன். செய்தி ஓடும்போது சேனல் மாறும். மொழி மாறும். பாதியில் அணைந்துவிடும். சிப்ரன் வந்திருக்கும் நாளில் மட்டும் ஒன்றும் செய்ய மாட்டேன். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். அலைடா நடந்ததையெல்லாம் சொல்ல, சிப்ரன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உன் விரல் தடுமாறுது, நீ ரிமோட்டைத் திட்டறே."

"நான் தொடவே இல்லங்கறேன்!"

"சரி சரி, தொடல," என்று சிப்ரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கண்ணடிக்கவில்லை. அலைடாவின் முகம் சிவந்துபோயிருந்தது, அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நடப்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னது நான்தான். மகள் ஃபெம்கே படித்தால் அம்மாவின் நிலைமை புரியும் என்பது என் எண்ணம். ஆனால் அலைடா டீச்சர் அல்லவா? நாள், மணி, நிமிடம், என்ன ஆயிற்று, யார் இருந்தார்கள், விளக்கு எரிந்ததா, திரை எப்படி இருந்தது என்று கட்டம் போட்டு எழுதினார். திரையைப் போட்டும் திறந்தும் பார்த்து, மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். திரை போட்டால் நிற்கிறது.

சரியாகத்தான் கண்டுபிடித்தார். துணியைத் தாண்டி அந்தக் கதிர் போகாது.

அன்றிலிருந்து மாலையானால் திரையை இழுத்துவிட்டார். பிறகு பகலிலும். உங்களுக்குத் தெரியும், எங்கள் தெருவில் பகலில் திரை மூடியிருந்தால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் வெட்கக்கேடு. ரொட்டிக் கடைக்கார அம்மாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "என்னங்க, அலைடா வீடு இருட்டிக் கிடக்கு? உயிரோட இருக்காங்களா?" இருக்கிறார், கொஞ்சம் தடுமாற்றம், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஃபெம்கே க்ரோனிங்கனில் இருக்கிறாள். நியாயமான பெண். திரை போட்டால் சரியாகிறது என்றால் வெளியிலிருந்து ஏதோ படுகிறதோ என்னவோ, வரும் சனிக்கிழமை ஒரு ஆளைக் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டாள். அலைடா அதை என்னிடம் எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார் தெரியுமா? எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அவர் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது. தெருவில் எல்லோரும் எதிர்வீட்டில் ஒன்று கொடுத்துவைப்பார்கள். வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்தபோது உள்ளே போய், அவருடைய ரிமோட்டை எடுத்துக் குளிர்பெட்டியில் மோர் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே ஒரு முறைதான் அப்படிச் செய்தேன். சனிக்கிழமை காபிக்குப் பால் எடுக்கப் போன ஃபெம்கே, குளிர்பெட்டிக் கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். அந்த ஆளைப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் திரைகளை அவளே திறந்துவிட்டாள்.

மார்ச்சில் நகராட்சியிலிருந்து, வயதானவர்களின் புத்தித் தெளிவைச் சோதிக்கும் ஓர் அம்மாள் வந்தார். சமையலறை மேஜையைச் சுற்றி அவர், அலைடா, ஃபெம்கே, நான். தினமும் பார்க்கிறவர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அலைடாவைக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தார், முட்கள் சரியாக இருந்தன. தேதி கேட்டார்கள், கிழமையோடு சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த மேஜையில் இருந்தவர்களில் அவர்தான் தெளிவாக இருந்தார். டி.வி. பார்க்கிறீர்களா என்று அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அலைடா நோட்டை எடுத்து வைத்தார். "வெளியிலேருந்து யாரோ இயக்கறாங்க. திரை போட்டா நிக்குது, தொறந்தா ஆரம்பிக்குது. நாப்பத்தொரு தடவை எழுதியிருக்கேன், பாருங்க."

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார்.

"நீங்க நம்பல," என்றார் அலைடா. "ரீனஸைக் கேளுங்க. வாழ்க்கை பூரா இதைத்தான் பிரிச்சு மாட்டியிருக்கார். அவர் சொல்லட்டும்."

"நீங்க சொல்லுங்க சார். அப்படி நடக்க முடியுமா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

உடனே சொன்னால் அவசரப்பட்டது போலத் தெரியும். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இல்லீங்க," என்றேன். "அது முடியவே முடியாது."

ஃபெம்கே கைக்குட்டையை எடுத்தாள். அலைடா அழவில்லை. என்னையே பார்த்தார். பிறகு திரும்பி, ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி என் நாற்காலியைப் பார்த்தார். எல்லோரும் கிளம்பும்போது வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா?"

"நீங்க கொஞ்சம் ஓய்வெடுக்கணும், அலைடா."

அதன் பிறகு மகளிடமும் டாக்டரிடமும் ரீனஸ்தான், ரீனஸ்தான் என்று சொன்னார். ஃபெம்கே என் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாள். "அம்மா உங்களையே சொல்றாங்க, ரீனஸ் மாமா. உங்களப்போய்! தப்பா எடுத்துக்காதீங்க." இந்த நாட்டில் யாரையும் ஒரே நாளில் பூட்டிவைத்துவிட மாட்டார்கள். காகிதங்கள் பல போயின, டாக்டர்கள் பலர் வந்தார்கள். அவர் சொன்னதையே சொன்னார். சொல்லச் சொல்ல வியாதி உறுதியாயிற்று. சிப்ரன் இரண்டு மாதம் வந்து போனார், பிறகு தனியாகத் தீவுக்குப் போய்விட்டார். ஜூனில் அலைடாவை, எண்களை அழுத்தினால்தான் கதவு திறக்கும் ஓர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். சந்தேகத்துக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். அங்கே பொதுக்கூடத்தில் டி.வி. உண்டு. அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

பாக்கி உங்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்தபின் வீட்டைக் காலிசெய்ய வந்த ஃபெம்கே, என் உதவிக்கு நன்றி சொல்ல ஒரு கேக்கோடு வந்தாள். ஜன்னல் விளிம்பில் இருந்த ரிமோட்டை, அம்மாவுடையது போலவே இருக்கிறதே என்று எடுத்தாள். சும்மா அழுத்தினாள். எதிரே, ஆளில்லாத வீட்டில் டி.வி. எரிந்தது. அவள் இன்னொரு முறை அழுத்தினாள், அணைந்தது. கேக்கை அப்படியே எடுத்துக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள் என்னை எப்படியெல்லாம் திட்டினாள் என்பதை நீங்கள் எழுதியிருப்பீர்கள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஞாயிறு தவறாமல் அந்த இல்லத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான். மாத்திரைகளால் அலைடாவின் பேச்சு மெதுவாகிவிட்டது, எதிர்வீட்டுக்காரரே என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, அவராகவே என் கையைப் பிடித்தார். அதற்கு முன் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

"ரீனஸ், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே," என்றார். "என் புத்தி எப்படிக் கெட்டுப்போச்சு பாத்தீங்களா? ஊர் முழுக்க உங்க பேரைக் கெடுத்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த பதினொன்றாம் நாள் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் கடைசியில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என்னைப்பற்றி அவர் அப்படியெல்லாம் பேசியதற்காக, அன்றைக்கே நான் அவரை மன்னித்துவிட்டேன்.