ஜெபசீலன் கையில இருந்த மீட்டர்

ஜெபசீலன் குடிப்பாரான்னா கேக்குதிய? சேச்சே, அதெல்லாம் கிடையாது அண்ணாச்சி. இங்கன உக்காருங்க, உள்ள ஃபிரீசர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மவளுக்குப் பாக்குத மாப்பிள்ளைய வேலை செய்யுத எடத்துலயே விசாரிக்கணும்னு சாயர்புரத்துல இருந்து வந்திருக்கிய, நல்லதுதான். ஆனா அவனப் பத்தி... அவரப் பத்தி என்கிட்டயா கேக்கணும்? எனக்கு அவரக் கண்டாலே ஆகாது, தெரியுமா?

ஆமா, ஒரே நாள்லதான் ரெண்டு பேரும் இந்த எறால் கம்பெனில எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரா சேர்ந்தோம். கொஞ்ச நாள்லயே அவருக்குப் புது டிஜிட்டல் மீட்டர் வந்துச்சு. எனக்கு? சுவிட்ச் பேனல்ல இருக்க மீட்டரையே பாத்துக்கோன்னுட்டாங்க. அவரு அதத் தோள்ல மாட்டிக்கிட்டு நடக்கதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

அப்பத்தான் பேனல்ல கெப்பாசிட்டர் ஒண்ணொண்ணா வெடிக்க ஆரம்பிச்சுது. அதுவா? பவர் ஃபாக்டர்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. கம்பெனிக்கு வார கரண்டு எவ்வளவு உருப்படியா வேலைக்கு ஆகுதுங்கத கணக்கு. ஒண்ணுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது, கொறஞ்சா சரிக்கட்டத்தான் கெப்பாசிட்டர். பேனல் மீட்டர் பாயிண்ட் நைன் எய்ட்னு காட்டுது. அவரும் அளந்தாரு. வோல்டேஜ் அலை சைபரத் தாண்டுத நேரம், கரண்ட் அலை தாண்டுத நேரம், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாக்குத முறை. அதே பாயிண்ட் நைன் எய்ட். எல்லாம் சரியா இருக்குன்னுட்டாரு.

நான் விடல. மோட்டருக்கெல்லாம் வேகத்தக் கூட்டிக் கொறைக்க டிரைவ் மாட்டின பொறவு கரண்ட் அலை நெளிஞ்சு கெடக்கு, சைபர் தாண்டுதத மட்டும் பாத்தா எப்படித் தெரியும், அலை முழுசும் சாம்பிள் எடுத்து, வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கிப் பாருன்னேன். வாதாடுவாருன்னு நெனச்சேன். மீட்டர நீட்டி, நீயே பாரேன்னாரு. அதுலயே அந்த வசதி இருந்துச்சு, மாத்தி வச்சேன். பாயிண்ட் செவன் எய்ட்! கெப்பாசிட்டரச் சூடாக்கி வெடிக்க வச்ச அந்த நெளிவ வடிகட்ட ஃபில்டர் போட்டோம், வெடிக்கது நின்னுட்டு.

மீட்டிங்ல மேனேஜர் யாரப் பாராட்டினாருங்கிய? ஜெபசீலனத்தான். எல்லாரும் கை வேற தட்டுதாங்க. எனக்கு எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருந்துச்சு. அதுக்குள்ள அவன் எந்திரிச்சான். சார், நான் தப்பாத்தான் சொன்னேன், கண்டுபிடிச்சது ஜாஸ்லின்னு என்னையக் காட்டினான். அத்தனை பேரு முன்னால.

அதுக்குப் பொறவு அந்த மனுசன எப்படி அண்ணாச்சி வெறுக்கது?

ஒரு குறையும் கிடையாது. தாராளமாப் பொண்ணு குடுங்க. போன்ல மவ போட்டோ இருக்கா? காட்டுங்களேன்... பி.எட். படிச்சிருக்காளா? முடி நீளம்தான். சேலை கட்டத் தெரியல, கொசுவம் சரியா விழல... இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கா. அவருக்குப் பொருத்தமாத்தான் இருப்பா.

எனக்கென்ன, ஒண்ணுமில்ல. ஈஸ்டர் கழிஞ்சு நான்தான் அவருகிட்ட கேட்டேன், என்னையக் கட்டிக்கிடுதியான்னு. அப்படி நெனச்சதே இல்லையே ஜாஸ்லின்னுட்டாரு.

உங்க மவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் அண்ணாச்சி.